எதைத் தேடினீர்கள் என்று சொல்லுங்கள்

நிரலைப் படித்து இயக்கும் இன்டர்பிரெட்டர்களையும், நாங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல்களையும், அவற்றுக்குக் கீழே கிடக்கும் இயங்குதளத்தின் மையமான கெர்னலையும் எழுதிப் பராமரிப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்கள் இனத்தவன் அல்லன். பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு ஆலையின் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். வருகைப் பதிவு இயந்திரம், பில் போடும் மென்பொருள், பிரிண்டரில் சிக்கிய காகிதம் எல்லாம் என் தலையில்தான். உங்கள் மொழிகளில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள் எழுதி, இரவில் அவை தாமாக ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கப் பழகியவன். பாதிக்கு மேற்பட்ட நாட்கள் அந்தத் தூக்கத்தை நீங்கள்தான் தந்தீர்கள். அதனால் இந்த மடலில் நன்றியும் இருக்கிறது. ஆனால் கோபத்தை முதலில் இறக்கி வைத்துவிடுகிறேன்.

எங்கள் சம்பளக் கணக்கைத் தொகுக்கும் ஸ்கிரிப்ட் பைத்தான் மொழியில் எழுதியது. மொத்தம் 41 வரி. அதில் ஒரு வரியில் அந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்ற எண் இருக்கும். (காலண்டரிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. எழுதியிருக்கலாம்.) கணக்குப் பிரிவில் இருக்கும் அக்கா அந்த மாதம் 30 என்பதை 31 ஆக்கினார். அவருடையது விண்டோஸ் கணினி. பொறுப்பானவர், தன் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரியாக வருகிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே சர்வரில் ஏற்றினார். சர்வரில் ஓடுவது லினக்ஸ். இரவு ஒன்பதரைக்கு ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று எனக்குத் தகவல் வந்தது. விடிந்தால் சம்பள நாள்.

உட்கார்ந்து நானே ஓட்டிப் பார்த்தேன். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

: அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை

நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி. லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவரும் அதே வாக்கியம். அதில் ஒன்று மட்டும் விநோதம்: அது முக்காற்புள்ளியில் தொடங்கியது. எந்தக் கோப்பு இல்லை? முக்காற்புள்ளிக்கு முன்னால் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இடம் வெறுமையாக இருந்தது.

கோப்பு இல்லை என்றால் நம் கை என்ன செய்யும்? கோப்பைத் தேடும். தேடினேன். இருந்தது. பட்டியலில் பெயர் வந்தது, திறந்தால் 41 வரியும் வந்தன, இயக்கும் அனுமதியும் இருந்தது. ஒருவேளை அது திறந்து படிக்கும் வருகைப் பதிவுக் கோப்பைச் சொல்கிறதோ என்று அங்கே போனேன். அதுவும் இருந்தது. அடைவின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். வட்டு நிறைந்துவிட்டதா என்று பார்த்தேன். பைத்தான் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. கடைசியில் பைத்தானின் பெயரை முன்னால் போட்டு, அதற்குப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்து ஓட்டினேன். ஓடியது! மறுபடி கோப்பை நேராக அழைத்தால், இல்லை என்றது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு காடெல்லாம் தேடினான் என்பார்கள். இங்கே தோளில் ஆடு கத்திக்கொண்டிருக்க, ஆடே இல்லை என்று காடு சத்தியம் செய்தது.

மணி பதினொன்றே முக்கால். முந்தைய மாதத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பழைய கோப்பின் அளவு 1,312 பைட். புதியதன் அளவு 1,353. மாறியது என்னவோ 30 என்பது 31 ஆனது மட்டும்தான். இரண்டு எழுத்துக்குப் பதில் இரண்டு எழுத்து. அளவு ஏன் கூட வேண்டும்? கூடியது எவ்வளவு? 41. ஸ்கிரிப்ட் எத்தனை வரி? 41.

நான் தட்டச்சுப் பயிலகத்தில் லோயரும் ஹையரும் முடித்தவன். ரெமிங்டன் இயந்திரத்தில் வரி முடியும் தறுவாயில் மணி அடிக்கும்; இடப்பக்க நெம்புகோலை ஒரு தள்ளு தள்ளினால் இரண்டு காரியம் நடக்கும். உருளை ஒரு வரி சுழலும், கேரியேஜ் வலப்பக்கம் போய் நிற்கும். உருளை சுழலாமல் கேரியேஜ் மட்டும் நகர்ந்துவிட்டால், அடித்த வரியின் மேலேயே அடுத்த வரியும் விழும். தாள் கறுத்துப் போகும், மாஸ்டர் அதைக் கிழித்து நம் கையில் கொடுப்பார். பின்னால் வந்த டெலிபிரிண்டர்கள் இந்த இரண்டு காரியத்துக்கும் தனித்தனிக் குறியீடு வைத்துக்கொண்டன: கேரியேஜைத் திருப்ப ஒன்று, வரியைத் தள்ள ஒன்று. கோப்பில் வரி முடிந்தது என்று காட்ட யூனிக்ஸ் இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டது. தன் முன்னோடியான டாஸ் வழியாக விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. அக்காவின் கணினியில் இருந்த உரைத்திருத்தி மென்பொருள், சேமிக்கும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கேரியேஜ் குறியைச் சேர்த்துவிட்டது. வரிக்கு ஒன்றாக 41.

பைத்தான் தன் நிரலுக்குள் அந்தக் குறியைப் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் பெயர் சொல்லி ஓட்டினால் ஓடியது. கோப்பை நேராக அழைத்தால் முதலில் பார்க்கப்படும் முதல் வரி வேறு கதை. அங்கே #! என்ற இரட்டைக் குறியோடு தொடங்கி, "இன்வ் வழியாகப் பைத்தான்3ஐத் தேடி ஓட்டு" என்று எழுதியிருக்கும். இன்வ் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சிறு நிரல், பெயரைக் கொடுத்தால் இன்டர்பிரெட்டரைத் தேடிக் கொடுக்கும். அது தேடியது பைத்தான்3ஐ அல்ல, கேரியேஜ் குறி என்ற வால் முளைத்த பைத்தான்3ஐ. அப்படி ஒரு நிரல் உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆகவே அது சொன்னதில் பொய் இல்லை.

ஆனால் சொன்ன விதத்தைப் பாருங்கள். அந்தப் பழைய சர்வரில் இருந்த இன்வ், தன் பாதையையும் தான் தேடிய பெயரையும் முறையாக அச்சிடத்தான் செய்தது. இரண்டும் சேர்ந்து ஆங்கிலத்தில் 21 எழுத்து. அதன் கடைசியில் ஒட்டியிருந்த கேரியேஜ் குறியைத் திரை கட்டளையாக எடுத்துக்கொண்டு, வரியின் தொடக்கத்துக்கே திரும்பிப் போனது. மீதி வாக்கியம் முக்காற்புள்ளியோடு சேர்த்து 27 எழுத்து. அது முந்தைய 21 எழுத்தின் மேலேயே விழுந்து, எல்லாவற்றையும் மூடிவிட்டது. குற்றம் செய்தவனே காவல் நிலையப் பதிவேட்டில் தன் பெயரை அடித்துவிட்டுப் போனது போல. என் மாஸ்டர் கிழித்துக் கொடுத்திருப்பார்.

நான் கேட்க வந்தது இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. "இல்லை" என்பது நீங்கள் தரும் தீர்ப்பு. எனக்குத் தேவை சாட்சியம். எதைத் தேடினீர்கள், எங்கே தேடினீர்கள், அந்தப் பெயரில் என் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஏதாவது இருந்ததா? இதைச் சொல்லிவிட்டால் தீர்ப்பை நானே எழுதிக்கொள்வேன்.

புதிய இன்வ் இதைச் செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெயரை மேற்கோளுக்குள் வைத்து, அந்த வாலைப் பின்சாய்கோடு போட்ட ஓர் ஆங்கில எழுத்தாகக் காட்டுகிறது. பார்த்த மாத்திரத்தில் புரிகிறது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை; அடுத்த வரியில், முதல் வரியில் கூடுதல் விருப்பங்களைக் கொடுக்க வேண்டுமானால் இன்ன முறையைப் பயன்படுத்துங்கள் என்று அறிவுரையும் சொல்கிறது. பெயருக்குள் இடைவெளி போன்ற எழுத்து எது இருந்தாலும் இந்த அறிவுரை வரும். கேரியேஜ் குறியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. விவரம் தெரியாதவன் முதல் வரியில் இருக்கும் சாட்சியத்தை விட்டுவிட்டு, இரண்டாம் வரி காட்டும் திசையில் நடக்கத் தொடங்குவான். உதவி செய்ய நினைத்தவரின் கைதான் அது, தெரிகிறது. ஆனாலும் ஊகத்தை ஊகம் என்று சொல்லிக் கொடுங்கள்.

கெர்னல் எழுதுபவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. இன்வ் இல்லாமல் ஷெல்லின் பெயரையே முதல் வரியில் நேராக எழுதியிருந்தால், இந்தக் குழப்பம் உங்கள் வாசலில் நடந்திருக்கும். ஸ்கிரிப்டின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து இன்டர்பிரெட்டரை அழைக்கும் இந்த வழக்கத்தை யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி 1980இல் கொண்டுவந்தார். அந்த இன்டர்பிரெட்டர் இல்லாவிட்டால் நீங்கள் திருப்பித் தருவது பிழை எண் 2. ஸ்கிரிப்டே இல்லாவிட்டாலும் 2. ஸ்கிரிப்ட் அல்லாத நிரலை ஓட்டும்போது அதை நினைவகத்தில் ஏற்றித் தரும் லோடர் இல்லாவிட்டாலும் அதே 2. உங்கள் கையேட்டிலேயே இந்த மூன்றையும் ஒரே மூச்சில் எழுதி வைத்திருக்கிறீர்கள். எங்கள் ஊர்த் தபால்காரர்கூட ஒரு கடிதத்தைத் திருப்பும்போது அதன் முதுகில் காரணம் எழுதுவார்: வீடு பூட்டியிருக்கிறது, வாங்க மறுத்துவிட்டார், இடம் மாறிவிட்டார், விலாசம் போதாது. எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று ஒரே முத்திரை குத்தினால் அனுப்பியவன் என்ன செய்வான்?

உங்கள் சங்கடம் எனக்குத் தெரியாமல் இல்லை. கெர்னலுக்கும் அதை அழைத்த நிரலுக்கும் இடையே உள்ள துளை ஓர் எண் மட்டும் நுழையும் அளவுக்குத்தான் இருக்கிறது. தேடிய பெயர் உங்கள் கையில் இருந்தாலும் அதை அந்தத் துளை வழியாகத் தர முடியாது. ஆனால் அழைத்தவர் ஷெல் அல்லவா? எண் 2 வந்த கையோடு, "கோப்பு கண்முன்னே இருக்கிறதே, அப்படியானால் இல்லாதது வேறு ஏதோ" என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டாமா? பாஷ் ஷெல்லின் 5.2 பதிப்பில், 2022இல், "இயக்க முடியவில்லை: தேவையான கோப்பு கிடைக்கவில்லை" என்ற வாசகம் வந்தது. ஸ்கிரிப்ட் அல்லாத நிரல்களைப் பொறுத்தவரை பழையதைவிட நேர்மையானது. தேவையான கோப்பு எது என்று மட்டும் அது சொல்லவில்லை. டேஷ் ஷெல்லோ இன்றைக்கும், கண்முன்னே இருக்கும் கோப்பின் பெயரையே சொல்லி அது கிடைக்கவில்லை என்கிறது.

இந்தப் பிழை எண்களின் குடும்பத்தில் எனக்குப் பிடித்த உறுப்பினர் ஒருவர் உண்டு. பழைய யூனிக்ஸில் அவர் வாசகம்: "இது தட்டச்சு இயந்திரம் அல்ல". டெலிபிரிண்டரிடம் கேட்க வேண்டிய கேள்வியைச் சாதாரணக் கோப்பிடம் கேட்டால் வரும் பதில் அது. கோப்பைத் திறக்கும்போது நூலகம் (நிரல்கள் பயன்படுத்த முன்பே எழுதிவைத்த தொகுப்பு) தன் வசதிக்காக அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, வந்த எண்ணை அப்படியே விட்டுவிடும். பிறகு வேறெங்கோ வேறெதுவோ தவறினால், அந்த மிச்ச எண் எடுத்து அச்சிடப்படும். இப்படித்தான் மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு ஒருகாலத்தில் "தட்டச்சு இயந்திரம் அல்ல" என்று பதில் திரும்பி வந்தது. இப்போது வாசகத்தை மாற்றி, சாதனத்துக்குப் பொருந்தாத கட்டளை என்கிறார்கள். ஆனாலும் பெர்ல் மொழி ஸ்கிரிப்டில் பிழை எண்ணை வைத்திருக்கும் மாறியைத் தவறான இடத்தில் அச்சிட்டவர்களுக்கு அதே பழைய ஆவி இன்றும் காட்சி தருகிறது. எனக்கென்னவோ பழைய வாசகமே மேல் என்று தோன்றுகிறது. அதைப் பார்த்தவன் இது வேறு யாருக்கோ வந்த கடிதம் என்றாவது உடனே புரிந்துகொள்வான்.

இப்போது நன்றி. பைத்தான்காரர்களே, உங்களுக்குத்தான்.

என் தங்கை மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஒருநாள் மாலை, "மாமா, பைத்தானே கெட்டுப்போய்விட்டது, இரண்டு முறை அழித்து ஏற்றியும் சரியாகவில்லை" என்று அழைத்தாள். பகடை உருட்டும் விளையாட்டு ஒன்று எழுதியிருந்தாள். ரேண்டம் என்ற நூலகத்தை அழைத்து, அதிலிருந்து ஓர் எண்ணைக் கேட்கும் நிரல். கோப்புக்கு அவள் வைத்த பெயரும் ரேண்டம். பைத்தான் நூலகத்தைத் தேடும்போது ஸ்கிரிப்ட் இருக்கும் அடைவைத்தான் முதலில் பார்க்கும். அங்கே இவளுடைய கோப்பையே நூலகம் என்று எடுத்துக்கொண்டது. செய்தி என்ன சொன்னது? பாதி தயாரான ரேண்டத்தில் அப்படியொரு பண்பு இல்லை, பெரும்பாலும் வட்டமாக ஒன்றையொன்று அழைப்பதால் இருக்கலாம் என்றது. நுணுக்கமாகப் பார்த்தால் முழு உண்மை. அந்தக் கோப்பு தன்னைத்தானே அழைத்தது. ஆனால் ஒரே ஒரு கோப்பு வைத்திருக்கும் பெண்ணுக்கு வட்டம் எங்கே தெரியும்? ஒரு மாலைப் பொழுது முழுவதும் வட்ட அழைப்பு என்றால் என்னவென்று படித்துக்கொண்டிருந்தாள்.

2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் இதைச் சரிசெய்துவிட்டீர்கள். இப்போது அந்தச் செய்தி அவளுடைய கோப்பு எங்கே இருக்கிறது என்று முழுப் பாதையோடு காட்டி, இது நூலகத்தின் பெயரிலேயே இருக்கிறது, பெயரை மாற்றிப் பாருங்கள் என்கிறது. எதைத் தேடினோம், எது கையில் சிக்கியது என்று சொல்லும் செய்தி. நான் கேட்பது இதைத்தான். அதற்கு முன்பே 2021இல், 3.10 பதிப்பில், மூடாத அடைப்புக்குறிக்காக அடுத்த வரியில் இருக்கும் ஒரு பாவமும் அறியாத வாக்கியத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பழக்கத்தையும் விட்டீர்கள். இந்தக் குறி மூடப்படவே இல்லை என்று திறந்த இடத்தையே காட்டத் தொடங்கினீர்கள். அதற்கு முந்தைய பதிப்பில் தொடரியலைப் படிக்கும் பகுதியையே மாற்றி எழுதியது இதற்கு வழி செய்தது என்று தெரியும். அதில் எத்தனை பேரின் இரவுகள் போயிருக்கும் என்றும் ஊகிக்க முடிகிறது.

பிழைச்செய்தியை யார் படிக்கிறார்கள், பார்த்ததும் மூடிவிடுகிறார்களே என்று உங்களில் சிலர் சலித்துக்கொள்வது உண்டு. ஜாவா எழுதும் 56 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. அவர்கள் பார்வையில் 13 முதல் 25 விழுக்காடு வரை பிழைச்செய்திகளிலேயே செலவாகியிருந்தது. அவற்றைப் படிப்பது நிரலைப் படிப்பதற்கு ஈடாகக் கடினமாகவும் இருந்தது. படிக்கிறோம் ஐயா. திரும்பத் திரும்பப் படிக்கிறோம்.

அதுவும் அயல்மொழியில் படிக்கிறோம். பிஎச்பி மொழியில் இரட்டை முக்காற்புள்ளியைத் தவறான இடத்தில் போட்டால், "எதிர்பாராத பாமாயிம் நெக்குதோத்தாயிம்" என்று ஒரு செய்தி வரும். அந்த மொழியின் உள்ளகத்தை எழுதிய இஸ்ரேலியர்கள் இரட்டை முக்காற்புள்ளிக்குத் தங்கள் எபிரேயச் சொல்லையே பெயராக வைத்திருந்தார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் பல ஆண்டுகள் இதைக் கேலியும் புகாருமாகப் பேசி, 2020இல் வந்த எட்டாம் பதிப்பு அந்தக் குறியையே நேராகக் காட்டத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் எனக்குள் ஒரு சின்னக் குறும்புச் சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். அவர்களுக்கு அந்த ஒரு சொல்லில் நேர்ந்தது, தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு முதன்முதலாகக் கறுப்புத் திரை முன்னால் உட்காரும் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலும் நேர்கிறது. செய்திகளைத் தமிழாக்குங்கள் என்று இப்போது கேட்கவில்லை. தேடிய பெயரையும் வரி எண்ணையும் காட்டினால் போதும். அவற்றுக்கு மொழி தேவையில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வாய்க்கும் இன்னொரு வால் இருக்கிறது. க் என்பதற்குப் பின் ஷ வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே எழுத்தாகிவிடும். ஒட்ட வேண்டாம் என்றால் நடுவில் அகலமே இல்லாத ஒரு பிரிப்புக் குறியை இடுவார்கள். பைத்தானில் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், நான் வைக்கிறேன். எங்கிருந்தோ ஒரு பெயரை நகலெடுத்து ஒட்டும்போது இந்தக் குறியும் கூடவே வந்துவிடும். முன்பெல்லாம் "பெயரில் தவறான எழுத்து" என்பதோடு செய்தி முடிந்துவிடும். எந்த எழுத்து? திரையில் எல்லா எழுத்தும் ஒழுங்காகத்தான் தெரியும். நான் தமிழே தவறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாற்றி எழுதிய நாட்கள் உண்டு. இப்போதைய பதிப்புகள் அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணைச் சொல்லி, இது அச்சில் தெரியாத எழுத்து என்றும் சொல்கின்றன. மாறிகள் மீண்டும் தமிழுக்கு வந்துவிட்டன.

அன்று இரவு 41 குறிகளையும் நீக்க ஒரே ஒரு கட்டளை போதுமாக இருந்தது. மணி பன்னிரண்டைத் தாண்டிப் பத்து நிமிடத்தில் சம்பளக் கணக்கு வந்துவிட்டது. மறுநாள் காலை அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் ஒரு எண்ணைத்தானே தம்பி மாற்றினேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான்.

அந்தப் பழைய சர்வரை மாற்ற இந்த ஆண்டும் பணம் ஒதுக்கவில்லை. அடுத்த மாதம் 30 நாள். அக்கா மறுபடியும் அந்த எண்ணை மாற்றியாக வேண்டும்.

இப்படிக்கு,
முக்காற்புள்ளியில் தொடங்கும் வாக்கியத்தைப் பார்த்தால் இன்னும் திடுக்கிடுகிற ஒருவன்